நீல டின்

ஈனிட் கிழித்த மூன்றாவது தீக்குச்சியும் அணைந்தது. மண்ணெண்ணெய் ஹீட்டரின் திரி பற்றவே இல்லை.

இங்கிலாந்தின் கிரிம்ஸ்பியில் காலையிலிருந்தே கரண்ட் இல்லை. ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கத்தில்கூடப் பனி உறைந்திருந்தது. வீட்டில் எல்லோருக்கும் மூக்கடைப்பு. ஈனிடின் தம்பி நார்மன், கடையில் வாங்கிய பொரித்த மீனையும் சிப்ஸையும் எடுத்துக்கொண்டு அப்போதுதான் சமையலறைக்குள் போயிருந்தான்.

துறைமுக வேலை முடிந்து ஈனிடின் கணவன் சிரில் உள்ளே வந்தான்.

"ஹீட்டருக்கு என்ன கேடு?"

"நீயே பாரு. இப்பதான் ரொப்பினேன். பத்த மாட்டேங்குது."

"எந்த டின்லேருந்து ஊத்தினே?"

"ஒரு வாரமா சுரண்டிச் சுரண்டி மினுக்கிட்டிருக்கியே, அந்தப் பழைய டின்தான். நீல டின்னுன்னா மண்ணெண்ணெய்தானே?"

சிரில் தலையில் கைவைத்தான்.

"ஐயோ ஈனிட், அதுல இருக்கிறது வினிகர்!"

"வினிகரா?"

"உள்ளே ஒரே துரு. விட்டு வரட்டும்னு காலைல ஊற வச்சேன்."

"நல்லா வச்சே! நாங்க விறைச்சுச் சாகணும், உன் டின்னு பளபளன்னு இருக்கணும். அதுல இருந்த மண்ணெண்ணெய் எங்கே? சாக்கடையில கொட்டிட்டியா?"

"என்னை லூசுன்னு நினைச்சியா? சொட்டு சிந்தாம ஒரு பாட்டில்ல ஊத்தி வச்சிருக்கேன்."

"எந்தப் பாட்டில்ல?"

"காலியா இருந்தது ஒண்ணே ஒண்ணுதானே. அந்த வினிகர்..."

இருவரும் சமையலறைப் பக்கம் திரும்பினார்கள்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே நார்மன் அங்கிருந்து கத்தினான்:

"அக்கா, பாதி பாட்டிலைக் கவுத்துட்டேன், சிப்ஸ்ல புளிப்பே ஏறலையே. உங்க வீட்டு வினிகருக்கும் சளி பிடிச்சிருக்கா?"