பச்சை டம்ளர்

அன்று மாமியார் பச்சை டம்ளரை எடுக்கவில்லை.

வீட்டில் எல்லாரும் குடிக்கும் எவர்சில்வர் டம்ளரில் டீயை ஊற்றி, தன் கையாலேயே சம்பந்தி முன்னால் வைத்தாள். அந்தக் கையில், போன வாரம் அக்கம்பக்கத்து வீட்டுத் துணிகளைத் தேய்க்கும்போது இஸ்திரிப் பெட்டி சுட்ட கொப்புளம் இன்னும் ஆறவில்லை.

மருமகளால் கண்ணை நம்ப முடியவில்லை.

நான்கு வருடமாக அவள் அம்மா மாதம் ஒருமுறை வந்து போகிறாள். தொழுநோய் வந்து, மாத்திரை சாப்பிட்டுக் குணமாகிப் பதினோரு வருடம் ஆகிவிட்டது. வலது கையில் மடங்கிய இரண்டு விரல்கள் மட்டும் நிமிரவில்லை. இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தைக் கல்யாணத்துக்கு முன்பே காட்டியாயிற்று. மாமியார் அதைக் கையில் வாங்காமலேயே படித்தாள்.

குளியலறை ஜன்னலில் அம்மாவுக்கென்றே ஒரு பச்சை பிளாஸ்டிக் டம்ளர் இருக்கும். அம்மா அதில் குடிப்பாள், தானே கழுவுவாள், தானே கவிழ்த்துவிட்டுப் போவாள். அவள் படியிறங்கிய கையோடு மருமகளின் கணவன் நாற்காலியைப் பினாயில் போட்டுத் துடைப்பான். ஒரு தடவை அவள் செருப்பு விட்ட இடத்தையும் துடைத்தான். தன் பிள்ளைக்கு எதையும் சொல்லித் தர வேண்டியதில்லை என்று மாமியாருக்கு ஒரே பூரிப்பு.

மருமகள் வாயைத் திறந்ததில்லை. திறந்தால் அம்மா மாதம் ஒருமுறை வருவதும் நின்றுவிடும்.

இன்றைக்கு மாமியாரே போன் போட்டு அம்மாவை வரச் சொல்லியிருந்தாள். பிள்ளை வேலைக்குப் போன பிறகு வரச் சொன்னதுதான் கொஞ்சம் இடித்தது.

"மூணாவது மாடித் துணியைக் கொடுத்துட்டு வாம்மா. அவசரமே இல்ல, மெதுவா வா" என்று மாமியார் அவளை அனுப்பினாள். இஸ்திரி போட்ட துணிக்கு அவசரமில்லை என்று அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை.

பாதிப் படியில்தான் ஒரு சட்டையை விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. மருமகள் திரும்பினாள்.

குளியலறை ஜன்னல் படிக்கட்டைப் பார்த்தபடி இருக்கும். அங்கே டம்ளர் இல்லை. அது இருந்த இடத்தில் வட்டமாக ஒரு கறைதான் இருந்தது.

தூக்கிப் போட்டுவிட்டாள்! மருமகள் வேகமாக நடந்தாள். மாமியாரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

கதவு ஒருக்களித்திருந்தது.

பச்சை டம்ளர் எங்கேயும் போகவில்லை. பாதி டீயோடு மாமியார் பக்கத்தில் இருந்தது. அதில் குடித்துக்கொண்டிருந்தது மாமியார்தான்.

அம்மா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்திருந்தாள். நான்கு வருடத்தில் இருவரும் தொட்டுக்கொண்டதே இல்லை. கொப்புளத்தைச் சுற்றித் தோல் உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்திருந்தது.

விட்டுப்போன சட்டையிலிருந்து அம்மா ஒரு நூலைப் பிய்த்தாள்.

"கண்ணை மூடிக்கோங்க சம்பந்தி. நான் தொடறப்ப சொல்லுங்க."

வெளுத்த இடத்தில் நூலால் தொட்டாள். ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாவதாக, கொஞ்சம் அழுத்தி.

மாமியார் கண்ணை மூடியபடி இன்னும் காத்துக்கொண்டிருந்தாள்.

மருமகளுக்கு ஒரு கணம், நன்றாக வேண்டும் என்றிருந்தது. மறுகணமே தன்னை நினைத்து வெட்கமாக இருந்தது.

அம்மா நூலைக் கீழே போட்டாள். பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரை சாப்பிட்டால் முழுசாகக் குணமாகிவிடும், தன்னைப் போல மறைத்து மறைத்து நாளைக் கடத்தினால்தான் விரல் மடங்கிப்போகும், நாளைக்கே தானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னாள். சொல்லிக்கொண்டே பச்சை டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

மாமியார் அதை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எங்க வேணும்னாலும் வரேன். என் பையனுக்கு மட்டும் தெரிய வேண்டாம் சம்பந்தி" என்றாள். "அவனை வளர்த்தது நான்தானே."