கண்ணாடி மாதிரி ஒரு மானிட்டர்

"இதைக் கொஞ்சம் ஆஃப் பண்ணிக் காட்டுங்களேன்" என்றாள் மனைவி.

கடைப்பெண் ஒரு கணம் விழித்தாள். மானிட்டர் வாங்க வருகிறவர்கள் போட்டுக் காட்டத்தான் சொல்வார்கள். ஆஃப் செய்து காட்டச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை. இருந்தாலும் பட்டனை அழுத்தினாள்.

மனைவி அந்தக் கறுத்த திரை முன்னால் உட்கார்ந்து, கழுத்தை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள்.

"பின்னாடி யாராவது வந்தா இதுல தெரியுமா?"

பக்கத்தில் நின்ற கணவன் சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தான்.

பத்து நாளாகவே அவன் நிம்மதி போய்விட்டது. மனைவி வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போட்டுக் கொடுப்பவள். வேலை முடிந்ததும் சாயங்காலம் ஒரு மணி நேரம் அதே கம்ப்யூட்டரில் கார் ரேஸ். காதில் ஹெட்போன். முகம் தெரியாத ஏதோ ஒரு 'சுண்டெலி'யோடு ஒரே சிரிப்பு. விளையாட்டில் வைத்துக்கொண்ட பெயராம். அது ஆணா பெண்ணா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

கேட்டும் பார்த்துவிட்டான். "என் தங்கச்சிதாங்க" என்றாள்.

தங்கச்சியோடு பேசுகிறவளுக்கு எதற்கு அத்தனை பதற்றம்? அவன் அறைக்குள் போய்த் தோளைத் தொட்டால் தூக்கிவாரிப் போடுகிறது. சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. போதாக்குறைக்கு ஐந்து வயது மகள் வேறு. அப்பா தலை தெரிந்தால் போதும், கலர் பென்சிலைப் போட்டது போட்டபடி நைசாக நழுவிவிடுகிறாள். குழந்தையையும் கூட்டுச் சேர்த்துவிட்டாளோ?

இப்போது இந்தக் கேள்வி.

"நல்லாவே தெரியும் மேடம்" என்றாள் கடைப்பெண். "இது க்ளாஸி, பளபளப்புத் திரை. ஆஃப்ல இருந்தா அப்படியே கண்ணாடிதான். ஆன்ல இருந்தாலும், உங்க வரைபடம் மாதிரி கறுப்புப் பின்னணின்னா ஆள் வர்றது தெரியும். சார், நீங்க மேடம் பின்னாடி கொஞ்சம் நில்லுங்க."

கணவன் போய் நின்றான். திரையில் அவன் முகம் விழுந்தது. அதைப் பார்த்ததும் மனைவியின் தோள்கள் லேசாகக் குறுகின. அவன் அதைக் கவனித்தான். மாட்டிக்கொள்வோம் என்ற பயம் உள்ளே இருந்தால் உடம்பு இப்படித்தான் காட்டிக்கொடுக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

"ஆனா மேடம், இது வேண்டாம்னுதான் எல்லாரும் சொல்வாங்க" என்று கடைப்பெண் அடுத்த மானிட்டருக்கு நகர்ந்தாள். "ஜன்னல் வெளிச்சம், நம்ம மூஞ்சி எல்லாம் திரைல அடிக்கும். இதைப் பாருங்க, மேட், பளபளப்பே கிடையாது. அதே இருபத்தேழு இன்ச், அதே ஃபோர் கே. மயிரிழைக் கோடு போட்டாக்கூடப் பிசிறு தெரியாது. ரேஸ்ல எவ்வளவு வேகமாப் போனாலும் படம் இழுக்காது. நாள் பூரா உக்காந்தாலும் கண்ணு வலிக்காது."

"இதையே போட்டுடுங்க" என்றான் கணவன் அவசரமாக.

"இல்லைங்க. எனக்கு அதுதான் வேணும்."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் கல்யாணமான ஏழு வருடத்தில் அவள் வாயிலிருந்து 'இல்லை' என்ற வார்த்தையை அவன் கேட்டதே இல்லை. அவன் சொன்னால் சொன்னதுதான். இன்றைக்கு எங்கிருந்து வந்தது இந்தத் தைரியம்? யார் கொடுத்தது?

"பழைய மானிட்டருக்கு என்ன சார் ஆச்சு?" என்று கடைப்பெண் பேச்சை மாற்றினாள்.

"கை தவறி விழுந்துடுச்சு" என்றான் அவன் சட்டென்று.

மனைவி குனிந்துகொண்டாள். மானிட்டர் பக்கத்தில் வைத்திருந்த அட்டையை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

அவன் ஊரில் எவனுக்கும் பயப்படாதவன்தான். ஆனால் ஒரு நாள் ஆபீஸ் விட்டு வரும்போது மனைவியும் மகளும் வீட்டில் இல்லாமல் போய்விட்டால்? துணி அலமாரி காலியாகக் கிடந்தால்? அந்த நினைப்பு வந்தாலே தூக்கம் போய்விடுகிறது. அவன் உழைப்பதெல்லாம் யாருக்காக? அவர்கள் இரண்டு பேருக்காகத்தானே?

இன்று இதற்கு ஒரு முடிவு தெரிந்தாக வேண்டும்.

"ஒரு போன் பேசிட்டு வந்துடறேன்" என்று வெளியே போனான்.

போனாவது ஒன்றாவது. கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைப்பெண் அந்த க்ளாஸி மானிட்டரை மறுபடி ஆன் செய்தாள். பளிச்சென்று கார்கள் ஓட ஆரம்பித்தன. அந்த வெளிச்சத்தில் இனி பின்னால் வருவது யாருக்கும் தெரியாது. இரண்டு பெண்களும் தலையைச் சாய்த்து ஏதோ பேசத் தொடங்கினார்கள்.

இதுதான் சமயம். கதவை ஓசைப்படாமல் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். டிவி வரிசைக்குப் பின்னால் பூனை மாதிரி நடந்து, அவர்களுக்கு நாலடி பின்னால் நின்றான்.

"தப்பா நினைக்காதீங்க மேடம்" கடைப்பெண் கேட்டுக்கொண்டிருந்தாள். "உங்க வேலைக்கு மேட்தான் சரி. பின்னாடி யார் வர்றாங்கன்னு பார்த்துப் பார்த்து மறைக்கிற அளவுக்கு அப்படி என்ன ரகசியம்?"

"மறைக்க என்கிட்ட என்னம்மா இருக்கு?"

மனைவி குரலைத் தாழ்த்தினாள். கணவன் காதைத் தீட்டிக்கொண்டான். இதோ, அந்தப் பெயர் வரப்போகிறது.

"கதவுக்கு முதுகைக் காட்டி உக்கார்ற மாதிரிதான் எங்க வீட்ல மேஜை போட முடியும். அவர் உள்ள வரும்போதே முகம் எப்படி இருக்குன்னு இதுல தெரிஞ்சுட்டா, கை ஓங்கறதுக்குள்ள பாப்பாவையாவது அந்த ரூமைவிட்டு அனுப்பிடுவேன்."