பாடு இல்லாத நாள்

"உப்புக்காத்துதான் தம்பி, வேற ஒண்ணும் கெடையாது" என்றான் அங்கமுத்து, கம்ப்யூட்டர் மேல் போர்த்தியிருந்த தார்ப்பாயை எடுத்தபடி. படகு இன்ஜினைக்கூட அவன் இவ்வளவு பத்திரமாகப் போர்த்தியதில்லை.

மீஞ்சூரிலிருந்து பைக்கில் வந்திருந்த உதயகுமார் பொத்தானை அழுத்தினான். இந்தக் கம்ப்யூட்டரை அவர்களுக்கு விற்றவனே அவன்தான். திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"பாத்தியாப்பா? பத்து நாளா இப்படித்தான் என் உசுர வாங்குது" என்றாள் அங்கமுத்துவின் மனைவி அமுதவல்லி. "ஒம்போது மணிக்குள்ள நான் உள்ள போயிருக்கணும். இன்னொரு வாட்டி லேட்டானா வேற ஆளப் பாத்துக்குவோம்னு மேனேஜரம்மா கண்டிசனா சொல்லிட்டாங்க."

சென்னையில் ஒரு ஜவுளிக்கடைக்கு வீட்டிலிருந்தே பில் ஏற்றுகிற வேலை. மீன்கூடை சுமந்துகொண்டிருந்தவள், திருப்பாலைவனத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய்க் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு வாங்கிய வேலை. அது கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"தெனமும் இப்படியாக்கா?"

"இல்லப்பா, அதான் புரியல. நேத்து டக்குனு வந்துச்சு. முந்தாநேத்து படுத்துகிச்சு. இன்னிக்கும் படுத்துகிச்சு."

"நேத்து மட்டும் இன்னா விசேஷம்?"

"ஒரு விசேஷமும் இல்ல. நேத்து எங்க பாடு. இவரு விடியறதுக்குள்ளயே ஏரிக்குப் போயிட்டாரு. நான் கொழாயில தண்ணி புடிச்சாந்து வெச்சிட்டு உக்காந்தேன். நல்லாத்தான் வந்துச்சு."

ஏரியில் இன்றைக்கு இவர்கள், நாளைக்கு அவர்கள் என்று முறை வைத்து வலை போடுவதற்குத்தான் பாடு என்று பெயர். அந்த விஷயத்தில் அங்கமுத்து நெருப்பு. முறை இல்லாத நாளில் வலை வீசிய பெரியசாமியைப் போன வாரம் ஊர்க்கூட்டத்தில் நிற்க வைத்து, அபராதம் கட்ட வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தான்.

"பாடு இல்லாத அன்னிக்குக் கை நமநமன்னுதான் இருக்கும் தம்பி. அதுக்காக வலையத் தொட முடியுமா? கட்டுப்பாடுன்னா கட்டுப்பாடு" என்றான் இப்போதும், யாரும் கேட்காமலே.

ஒருவழியாக வட்டம் நின்று திரை விழித்தது. அமுதவல்லி பாய்ந்து போய் உட்கார்ந்து ஜவுளிக்கடைக் கணக்குக்குள் நுழைந்தாள். ஒன்பது அடிக்க இன்னும் இரண்டே நிமிடம். இன்றைக்கு வேலை பிழைத்தது. நாளைக்கு?

"கொஞ்சம் நகருக்கா" என்று உதயகுமார் ஓரத்தில் எதையோ திறந்து பார்த்தான். பார்க்கப் பார்க்க அவன் புருவம் மேலே ஏறியது.

"அக்கா, இதுல உப்பும் இல்ல, காத்தும் இல்ல. யாரோ ஒழுங்கா ஆஃப் பண்ணாம சடார்னு பிளக்கப் புடுங்கறாங்க. அப்படிப் புடுங்கினா அடுத்த வாட்டி போடும்போது, எல்லாம் சரியா இருக்கான்னு இது ஒவ்வொண்ணா தேடிப் பாத்துட்டுத்தான் எந்திரிக்கும்."

"நான் நீ சொல்லிக் குடுத்த மாதிரிதானே ஆஃப் பண்றேன்!"

"இன்னிக்குக் காலையில ஆறு மணிக்கு இது ஓடியிருக்குக்கா."

"ஆறு மணிக்கு நான் கொழாயடியில இல்ல நின்னேன்?"

அந்த வீட்டில் மூன்றாவது ஆள் கிடையாது. அமுதவல்லி மெதுவாகத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அங்கமுத்து தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தான். ஏற்கெனவே மடித்த தார்ப்பாய்தான்.

"நீதானா?" அவன் கையிலிருந்த தார்ப்பாயைப் பிடுங்கினாள். "நான் வேலைக்குப் போறது புடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லித் தொலையேன்யா. திருட்டுத்தனமா பிளக்கப் புடுங்கி என் பொழப்புல மண்ணப் போடுறியே, நல்லா இருக்கா?"

"ஐயோ, சத்தியமா அதுக்கில்ல அமுதா! நீ கொடத்த வெக்கிற சத்தம் கேட்டுச்சு, பயத்துல கைக்கு வந்தத..."

"என்னைப் பாத்து இன்னா பயம்? அப்படி இன்னா பண்ணிட்டு இருந்த?"

அங்கமுத்து ஊர்க்கூட்டத்தில் பெரியசாமி நின்ற மாதிரியே நின்றான். அமுதவல்லியின் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

உதயகுமார் தயங்கித் தயங்கி மவுஸைத் தட்டினான். "அக்கா, அழாத. இத விக்கும்போது சும்மா கெடக்கட்டும்னு நான் ஒரு கேம் போட்டுக் குடுத்தேன். நானே பத்தாவது கட்டத்தத் தாண்டினதில்ல. இங்க யாரோ முன்னூறத் தாண்டி நிக்கறாங்க..."

திரை முழுக்க நீலத் தண்ணீர் விரிந்தது. கொழுத்த கொடுவா மீன்கள் அங்குமிங்கும் நீந்த, மேலே ஒரு குட்டிப் படகில் மீசைக்காரப் பொம்மை ஒன்று வலையோடு தயாராக நின்றது.

அமுதவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். அழுவதா சிரிப்பதா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அடப்பாவி மனுசா! ஊருக்கே அபராதம் போட்டுட்டு, பாடு இல்லாத நாள்ல நீ வலை வீசறியா?"

அங்கமுத்து தலையைச் சொறிந்தான்.

"ஏரியிலதானே நமக்குப் பாடு இல்ல?"