பேச்சுக்கு மார்க் கிடையாது

"கையை மெதுவா தலைக்கு மேல தூக்குங்கம்மா. இப்ப தோளைத் தொடப் போறேன். என் கை கொஞ்சம் சில்லுன்னு இருக்கும், பயப்படாதீங்க."

அவள் இதைச் சொன்னது ஒரு பொம்மையிடம்.

பல்கலைக்கழகத்தில் செய்முறைத் தேர்வு. அறையில் விளக்கைக் குறைத்திருந்தார்கள். சுவரிலிருந்து வந்த சிவப்பு ஒளிக்கோடுகள் பொம்மையின் நெஞ்சில் குறுக்கும் நெடுக்குமாக விழுந்திருந்தன. கதிர்வீச்சு சிகிச்சைக்கு வந்தவரைப் படுக்க வைத்து, நூல் பிசகாமல் உடம்பை அந்தக் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அதுதான் பரீட்சை.

பின்னால் நின்ற தோழிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏய், அதுக்குக் கையே கிடையாதுடி."

உண்மைதான். தலையும் உடம்பும் மட்டும் உள்ள பொம்மை. ஆனால் அந்த மங்கல் வெளிச்சத்தில், மெஷின் தூரத்துக் கடல் மாதிரி இரைந்துகொண்டிருக்கையில், பொம்மை மூச்சு விடுவதாக அவளுக்குத் தோன்றும். யாரோ ஒரு அம்மா, வீட்டில் ஒருத்தரிடமும் வாய்விட்டுச் சொல்லாமல் வந்து படுத்திருப்பதாகத் தோன்றும். அப்புறம் இவள் வாய் எப்படிச் சும்மா இருக்கும்?

தேர்வு நடத்திய மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் முடிஞ்சுது. நகரு."

ஃபெயில்.

"மேடம், கோடு இம்மிகூட விலகலையே."

"விலகிச்சுன்னு யார் சொன்னா? வெளியே பெஞ்ச் நிறைய ஆள் காத்திருப்பாங்க. நீ முதல் ஆள்கிட்ட குசலம் விசாரிச்சுட்டிருந்தா, கடைசி ஆள் வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். பேச்சுக்கு மார்க் கிடையாது."

இன்னொரு மெஷின் வாங்கலாம் என்று அந்தப் பெரிய கட்டடத்தில் எவரும் வாய் திறந்ததில்லை. பேச்சைக் குறைக்கத்தான் சொன்னார்கள்.

"மறுதேர்வு நீ பயிற்சிக்குப் போற ஆஸ்பத்திரியில. நாள் சொல்ல மாட்டேன்," என்றார் மேடம்.

அதன் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். மறுதேர்வில் மேடமே நோயாளியாக வந்து படுப்பார். நடுங்குவார், இருமுவார், வேண்டுமென்றே தோளை நகர்த்துவார். அதில் தப்பிப் பிழைத்தவர்கள் குறைவு. அதிலும் தவறினால் வேறு பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள்.

சாயங்காலம் விடுதி மாடியில் துணி மடித்தபடி தோழி கேட்டாள். "மாத்தினா மாத்தட்டுமே. நான் எம்.ஆர்.ஐ. பக்கம் போறேன், வெளிநாட்டுல கூப்பிடறாங்க. எங்கண்ணன் மெஷின் விக்கிற கம்பெனியில சேருங்கறான், கார் குடுப்பாங்களாம். உனக்கு மட்டும் ஏண்டி அந்த இருட்டு ரூம்தான் வேணும்?"

கொடியில் ஒரு போர்வை காற்றை வாங்கி உப்பியது. அதையே பார்த்துக்கொண்டு அவள் சொன்னாள்:

"மத்த ரூமுக்கெல்லாம் ஆளுங்க ஒரு தடவை வந்துட்டுப் போயிடுவாங்க. இங்க வாரக்கணக்கா தினமும் அதே ஆள் வருவாங்க. நேத்து விட்ட இடத்துலேர்ந்து பேசலாம்."

"விளங்கிடும். அதுக்குத்தானே ஃபெயில் போட்டாங்க?"

அன்றிலிருந்து அவள் வாயைத் தைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் சில வாரங்கள் ஓடின. பேசாமல் படுக்க வைத்தாள், பேசாமல் எழுப்பி அனுப்பினாள். கை வேகம் கூடியது. அங்கே பயிற்சி கொடுத்த சீனியர் மெச்சினார். கனவில் மட்டும் பொம்மை வந்து, 'என்னம்மா, கோபமா?' என்று கேட்டது.

ஒரு நாள் காலை. "அடுத்தவங்க உள்ளே இருக்காங்க, படுக்க வை. கோட்டை நான் வந்து சரிபார்க்கறேன்," என்றார் சீனியர். அவர் முகம் என்றும் இல்லாத மாதிரி இறுகியிருந்தது.

உள்ளே போனாள். ஆஸ்பத்திரி அங்கியில், சிகிச்சை மேஜை விளிம்பில் மேடம்.

வந்தாச்சு. சீனியர் முகம் ஏன் அப்படி இருந்தது என்று இப்போது புரிந்தது. அவரும் கூட்டு.

மேடத்தின் மணிக்கட்டில் கடிகாரம் இல்லை. இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. எல்லாம் தத்ரூபமாக இருக்கட்டும் என்று கழற்றியிருப்பார், மனசுக்குள் எண்ணிக்கொண்டிருப்பார்.

அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. படுக்க வைத்தாள். முழங்காலுக்கடியில் தலையணை செருகினாள். இரண்டு கைகளையும் பிடித்துத் தலைக்கு மேல் தாங்கியில் வைத்தாள். அந்தக் கைகள் வெடவெடவென்று நடுங்கின.

என்ன நடிப்பு.

மேடத்தின் கண்கள் அவள் முகத்தையே தேடின. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அதுவும் ஒரு பொறி. சிரித்தால் பேச்சு வரும், பேசினால் நேரம் போகும். இன்றைக்கு இந்த அறையை விட்டுக்கொடுப்பதாக இல்லை.

விளக்கைக் குறைத்தாள். சிவப்புக் கோடுகள் இறங்கின. கடல் இரையத் தொடங்கியது. இதுவரை தன் வாழ்க்கையிலேயே இத்தனை வேகமாக அவள் வேலை செய்ததில்லை. பாஸ்தான்.

கடைசியாக அங்கியின் முடிச்சை அவிழ்த்து விலக்கினாள்.

ஒளிக்கோடு விழ வேண்டிய இடத்தில் ஏற்கெனவே ஒரு கோடு இருந்தது. ஒரு பக்கத்து மார்பு இருந்த இடத்தில், ஆறியும் ஆறாத நீளத் தையல்.

அவள் கை அந்தரத்தில் நின்றது.

கூரையைப் பார்த்தபடி, வகுப்பில் யாரும் கேட்டிராத சின்னக் குரலில் மேடம் கேட்டார்:

"ஏம்மா, பொம்மைகிட்ட மட்டும்தான் பேசுவியா?"