எடை குறைஞ்சா பறக்கும்

"பின் சீட்டு, ஸ்பீக்கர், ஸ்டெப்னி எல்லாம் கழட்டியாச்சும்மா. போதுமா?" என்றார், வீட்டுக்கு வந்திருந்த மெக்கானிக்.

"தரை விரிப்பையும் உருவிடுங்க," என்றாள் கார்க்காரரின் மனைவி.

"இவ்வளவு சொகுசான ஸ்போர்ட்ஸ் காரை மொட்டையடிக்கச் சொல்றீங்களே! ரேஸுக்கா?"

"ஆபீஸுக்குத்தாங்க. எடை குறைஞ்சா பறக்குமாம். இவர் சொல்றார்."

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கணவன் பெருமையாகச் சிரித்தான்.

"சரி, ஒரு ரவுண்டு போய்ப் பாருங்க," என்றார் மெக்கானிக்.

மனைவி செருப்பை உதறினாள். "அத்தை, வாங்க!"

மாமியார் ஓடி வந்தாள். இருவரும் பின்னால் நின்று, மூச்சைப் பிடித்துக் காரைத் தள்ளினார்கள்.

மெக்கானிக் திகைத்துப்போய்க் கூடவே ஓடினார். "என்னம்மா, பேட்டரி வீக்கா?"

"பேட்டரியே கிடையாது. கனமா இருக்குன்னு இவர் முதல்ல கழட்டினதே அதைத்தான்!"

தெருமுனையில் மாமியார் நின்றாள்.

"பரவாயில்லடி, பாதி பாரம் குறைஞ்சிருக்கு. மிச்சத்தையும் இறக்கிடலாம்," என்று கார் ஜன்னலைத் தட்டினாள்.

"டேய், கீழ இறங்கு!"