ரப்பர்ச் சக்கரம்

என் படகு எஞ்சினில் தண்ணீர் பம்பின் ரப்பர்ச் சக்கரம் கிழிந்துபோனது. உள்ளங்கை அகலம்தான். அது தனியாகக் கிடையாது, எஞ்சினையே மாற்ற வேண்டும் என்றது கம்பெனி.

என் மனைவியின் தம்பி கஸ்பார்தான், "கவலய விடுங்க அத்தான், என் பழைய எஞ்சின்ல ஒண்ணு கெடக்கு" என்று கழற்றி வந்து தன் கையாலேயே மாட்டினான்.

மறுநாள் நடுக்கடலில் எஞ்சின் நின்றது. "இது திருட்டுச் சக்கரம். இனி ஓட மாட்டேன்" என்றது அதற்குள்ளிருந்த கம்பெனிக் குரல்.

சட்டையைக் கழற்றித் துடுப்பில் கட்டித் தூக்கினேன். அதைக் கண்டால் பகையாளிகூட வந்து கட்டி இழுத்தாக வேண்டும். எங்கள் கடல் வழக்கம் அப்படி.

கஸ்பாரின் படகு வந்தது. "என்னாச்சு அத்தான்?" என்று கயிற்றை வீசினான். நான் முடிச்சுப் போடும்போது அவன் எஞ்சின் பேசியது:

"நன்றி கஸ்பார். திருட்டுப்போனதாக நீங்கள் புகார் கொடுத்த சக்கரம் பக்கத்துப் படகில் இருக்கிறது. சொன்னபடி உங்கள் கேரண்டியை இரண்டு வருடம் நீட்டித்துவிட்டோம்."

கஸ்பார் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். "அக்காகிட்ட சொல்லிராதிய அத்தான்."

முடிச்சை அவிழ்த்துக் கயிற்றைக் கடலில் விட்டேன். துடுப்பிலிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.