வாக் ஓவருக்கு ஓர் ஆள் குறை

"நாலு பேர்தான் நிக்கிறீங்க. அஞ்சாவது ஆளு எங்கப்பா?"

நான் கேட்டதும் போடி டீம் கேப்டன் ஒச்சப்பன் தலையைச் சொறிந்தான். "மொக்கச்சாமி டீ குடிக்கப் போனான் சார். இந்தா வந்துருவான்."

1978. பூப்பந்து இறுதி ஆட்டம். நான்தான் அம்பயர். நாலு மணிக்குத் தொடங்க வேண்டியது; இப்போது நாலே கால். எதிர் டீமான ஏலக்காய் எஸ்டேட் தொழிலாளர்கள் இன்னும் மலையிலிருந்து இறங்கவில்லை. பாதையில் மண் சரிந்திருப்பதாக பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள்.

கால் மணி நேரம் தாண்டினால் வாக் ஓவர். வந்த டீம் பந்தைத் தொடாமலே ஜெயித்துவிடும். யார் வேண்டாமென்றாலும் நான் அறிவித்தே ஆக வேண்டும். ஒரே நிபந்தனை, அந்த டீமின் ஐந்து பேரும் பேட்டோடு கோர்ட்டில் நிற்க வேண்டும்.

"கப்பு தானா வருது, வாங்க ஆளில்லையா மாப்ளே!" கூட்டம் சிரித்தது.

மதுரை மில் மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். எஸ்டேட் டீமின் பேச்சிமுத்து நன்றாக ஆடினால் மில்லில் வேலை தருவதாகச் சொல்லி வந்திருந்தார்; மைதானத்தில் எல்லோருக்கும் தெரிந்த சேதி.

"ஆட்டம் இல்லேன்னா கிளம்புறேன் சார். மறுபடி வர முடியாது."

பேச்சிமுத்துவை நினைத்தால் பாவமாக இருந்தது. ஆட்ட விதியோ என் வாயைக் கட்டிப்போட்டிருந்தது. எரிச்சலை ஒச்சப்பனிடம் காட்டினேன்.

"நாலரை வரைக்கும் பாப்பேன். அப்புறம் ஆட்டமே ரத்து. கப்பு உங்களுக்கும் கிடையாது. பொறுப்பில்லாத பயலுகளா!"

"சரிங்க சார்," என்றான் ரொம்பப் பவ்யமாக.

நாலு இருபத்தெட்டு. ஹாரன் சத்தம். முழங்கால் வரை சேறோடு ஜீப்பிலிருந்து ஐந்து பேர் குதித்தார்கள்.

பேச்சிமுத்து மூச்சு வாங்க ஓடிவந்தான். "சார், ஆட்டம் இருக்கா?"

அப்போதுதான் எனக்கும் மூச்சு வந்தது. "இருக்குப்பா. ஆனா இவங்க ஆளு இன்னும்..."

"எந்திரிடா வெரசா!" ஒச்சப்பன் கத்தினான்.

என் நாற்காலிக்கு நேர் பின்னால், தலையோடு கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து கம்பளியை உதறினான். கையில் பேட்டோடு மொக்கச்சாமி! சட்டையெல்லாம் வியர்வை.

"ஏய்யா பேச்சிமுத்து, மலையிலிருந்து இறங்க இம்புட்டு நேரமாய்யா? உள்ள புழுங்கியே செத்தேன்!"